அமோனியா பிளான்ட்ல காத்து: கையால எடுக்கறதா, பழைய பர்ஜரை சரி பண்றதா, புது ஆட்டோமேட்டிக் வாங்கறதா?

குடியாத்தம், பலமனேர், சித்தூர், நகரி, அந்தப் பக்கம் தடா வரைக்கும் இந்த தமிழ்நாடு-ஆந்திரா பார்டர்ல அமோனியாவால குளிரூட்டற பிளான்ட் வச்சிருக்கறவங்க மார்ச் பொறந்தா கேக்கற கேள்வி ஒண்ணுதான். ஹெட் பிரஷர், அதாவது கேஸ் லிக்விடா மாறற கண்டென்சர் பக்க அழுத்தம், ஏறுது, கரண்ட் பில்லும் ஏறுது, உள்ள காத்து இருக்குன்னு ஆபரேட்டர் சொல்றாரு, இருக்கற பர்ஜர், அதாவது அந்தக் காத்தைப் பிரிச்சு வெளிய விடற சாதனம், வேலை செய்யல, இதை ரிப்பேர் பண்ணலாமா, இல்ல லட்சக்கணக்குல செலவு பண்ணி புதுசு போடலாமா, இல்ல எப்பவும் மாதிரி டியூபை பக்கெட்ல விட்டு கையாலயே எடுத்துட்டுப் போயிடலாமா. மூணுமே சரியான வழிதான், ஆனா எல்லா பிளான்ட்டுக்கும் இல்ல. எது உங்களுக்குங்கறதை கண்டென்சர் பக்கம் நின்னு முடிவு பண்ண முடியாது, கம்ப்ரசர் ரூமுக்குப் போயி சக்ஷன் கேஜை, அதாவது கம்ப்ரசர் கேஸை இழுக்கற பக்கத்து பிரஷர் கேஜைப் பாக்கணும். அந்த முள்ளு எப்பவாவது ஜீரோவுக்குக் கீழ போகுதா இல்லையாங்கறதுதான் பாதி பதில்.

ஏன்னு சொல்றேன். அமோனியா சாதாரண காத்தழுத்தத்துல மைனஸ் 33 டிகிரியில கொதிக்குது. அதுக்கு மேல ஓடற வரைக்கும் பிளான்ட் உள்ள இருக்கற பிரஷர் வெளிய இருக்கறதை விட ஜாஸ்தி, கிளாண்ட் (வால்வு தண்டைச் சுத்தி இருக்கற அடைப்பு) லீக்கோ ஷாஃப்ட் சீல் லீக்கோ இருந்தா அமோனியா வெளிய வரும், மூக்குக்குத் தெரிஞ்சிடும், போயி டைட் பண்ணிடுவீங்க. ஐஸ் பிளான்ட் மைனஸ் 15ல ஓடுதுன்னா சக்ஷன் சுமார் 20 பிஎஸ்ஐ நிக்கும், பால் பண்ணையில ஐஸ் பேங்க் டேங்க் இன்னும் மேல. ஆனா தடா, சூளூர்பேட்டை, நெல்லூர் பக்கம் எறா பிளான்ட்ல பிளேட் ப்ரீசரும் ஐக்யூஎஃப்பும் (ஒவ்வொண்ணா தனித்தனியா உறைய வைக்கற ப்ரீசர்) மைனஸ் 40ல ஓடறப்ப சக்ஷன் வாக்குவத்துல, கிட்டத்தட்ட 9 இஞ்ச் மெர்க்குரி வரைக்கும் போகுது. அப்ப அதே கிளாண்ட்ல லீக் இருந்தா அமோனியா வெளிய வராது, வெளிக்காத்து உள்ள போகும், வாசனையே இருக்காது, யாருக்கும் தெரியாது. நாள் பூரா சத்தமில்லாம போயிக்கிட்டே இருக்கும், போன காத்து எல்லாம் கண்டென்சர்ல வந்து அடைஞ்சு உக்காந்துக்கும், ஏன்னா அமோனியா மாதிரி அது லிக்விட் ஆகாது, லிக்விட் சேர்ற ரிசீவர் டேங்க்ல லிக்விடே அடைச்சு நிக்கறதால (லிக்விட் சீல்) தாண்டிப் போகவும் வழியில்ல.

அதனால பாசிட்டிவ் சக்ஷன் பிளான்ட்டுக்கு காத்து வர்றது எப்பவாவதுதான். ஸ்ட்ரெயினர் கழட்டினப்ப, கம்ப்ரசர் ஹெட் திறந்தப்ப, புதுசா லைன் வெல்டு பண்ணி சரியா வாக்குவம் இழுக்காம விட்டப்ப, சிலிண்டர்ல இருந்து கேஸ் சார்ஜ் பண்ற ஹோஸ்ல இருந்த காத்தை வெளியேத்தாம மாட்டினப்ப. வாக்குவம் பிளான்ட்டுக்கு காத்து தினப்படி வரவு. முதல் ரகத்துக்கு ஒரு தடவை எடுத்தா ரொம்ப நாளைக்குப் போதும். ரெண்டாவது ரகத்துக்கு எடுத்துக்கிட்டே இருக்கணும். இவ்வளவு வித்தியாசம் இருக்கறப்ப ரெண்டு பேருக்கும் ஒரே கொட்டேஷன் குடுக்கற ஆளுங்க இருக்காங்க, அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆனா பர்ஜர் பேச்சுக்கே போறதுக்கு முன்னாடி, அது காத்துதானான்னு உறுதி பண்ணுங்க. ஹெட் பிரஷர் ஏற காத்து ஒரு காரணம் மட்டும்தான். சித்தூர் பக்கம் போர் தண்ணி கடினம், கண்டென்சர் டியூப் மேல சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு ஒரு ஓடு கட்டிடும், சூடு வெளிய போகாது. ஸ்ப்ரே நாசில் அடைச்சிருக்கும், ஃபேன் பெல்ட் லூஸா சுத்தும், தண்ணி பம்பு பாதிதான் தள்ளும், லிக்விட் ஜாஸ்தியா இருந்து கண்டென்சருக்குள்ளயே பின்னால தேங்கி நிக்கும், இல்ல கேஜே பொய் சொல்லும். இதுல எதுக்குமே பர்ஜர் மருந்து இல்ல. டியூப்ல ஓடு கட்டின கண்டென்சருக்கு புது பர்ஜர் போட்டு ஒரு பிஎஸ்ஐ கூட இறங்காத பிளான்ட் ஒண்ணு எனக்குத் தெரியும், அந்தக் காசுல பாதியில டீஸ்கேலிங் பண்ணி முடிச்சிருக்கலாம்.

பாக்கற முறை சுலபம். லோடு இல்லாத நேரம், விடியக்காலைன்னா நல்லது, லிக்விட் ஃபீடை நிறுத்திட்டு கம்ப்ரசரை நிறுத்துங்க, ஆனா கண்டென்சர் தண்ணி பம்பு ஓடட்டும். உள்ள போற தண்ணி சூடும் வெளிய வர்ற தண்ணி சூடும் ஒண்ணாகற வரைக்கும் விடுங்க, அவசரப்படாதீங்க. அப்புறம் கண்டென்சர் லிக்விட் லைன் சூட்டை நல்ல தெர்மாமீட்டர்ல பாருங்க, கேஜையும் பாருங்க. சுத்தமான அமோனியான்னா 30 டிகிரிக்கு சுமார் 155 பிஎஸ்ஐ, 35க்கு 181, 38க்கு 199, 40க்கு 211. இந்த நாலு நம்பரை பேனல் மேல பெயின்ட்லயே எழுதி வச்சிருங்க. 35 டிகிரி இருக்கு, கேஜ் 183 காட்டுதுன்னா உங்களுக்கு காத்துப் பிரச்சினை இல்ல, கண்டென்சரைப் போயி பாருங்க. 196 காட்டுதுன்னா அந்த 15 பிஎஸ்ஐ, அதாவது ஒரு பார், அமோனியா இல்ல, உள்ள மாட்டிக்கிட்ட காத்து. ஒரே ஒரு விஷயம், இதுக்கு முன்னாடி கேஜை வேற நல்ல கேஜோட வச்சு ஒத்துப் பாத்துருங்க, வருஷக்கணக்கா கம்ப்ரசர் அதிர்வுல ஆடின கேஜ் 10 பிஎஸ்ஐ தப்பா காட்டறது சர்வ சாதாரணம்.

15 பிஎஸ்ஐ தானேன்னு விட்டுடாதீங்க. கண்டென்சிங் டெம்பரேச்சர் கணக்குல அது ரெண்டரை டிகிரி. ஒரு டிகிரி ஏறினா கம்ப்ரசர் கரண்ட் ரெண்டுல இருந்து மூணு பர்சென்ட் ஏறும்னு எங்க தொழில்ல வச்சுக்கற கணக்கு. 100 கிலோவாட் இழுக்கற கம்ப்ரசர் நாளைக்கு 20 மணி நேரம் ஓடுதுன்னு வச்சா, 6 பர்சென்ட்னு போட்டாலும் தினமும் 120 யூனிட் சும்மா போகுது, யூனிட் 8 ரூபான்னா மாசம் 28,000 ரூபாய்க்கு மேல. ஓடறப்ப நிலைமை இன்னும் மோசம், ஏன்னா காத்து எல்லா இடத்துலயும் சமமா கலந்து இருக்காது, குளிர்ந்த டியூப் ஓரமா போயி ஒரு படலமா நின்னு அமோனியா அதுல படறதையே தடுக்கும். அதோட டிஸ்சார்ஜ் சூடு ஏறும், ஆயில் கருகும், வால்வு பிளேட் சீக்கிரம் போகும்.

சரி, காத்துதான்னு முடிவாச்சு. இப்ப மூணு வழி.

கையால எடுக்கறது. இதைக் கேவலமா பேசறவங்க நிறைய, நான் பேச மாட்டேன், ஐஸ் பிளான்ட்டுக்கும் சின்ன பால் குளிரூட்டற சென்டருக்கும் இது போதும். ஆனா என்ன விலை குடுக்கறீங்கன்னு தெரிஞ்சு பண்ணணும். மேல சொன்ன அதே கணக்கு, 35 டிகிரி, ஒரு பார் காத்து. வெளிக்காத்தழுத்தத்தையும் சேத்துப் பாத்தா அந்த கேஸ்ல பதிமூணரை பங்கு அமோனியா, ஒரு பங்கு காத்து. எடை கணக்குல ஒரு கிலோ காத்தை வெளியேத்த நீங்க சுமார் 8 கிலோ அமோனியாவை பக்கெட்டுக்கு தானம் பண்றீங்க. காத்து ஓரமா ஒதுங்கி நிக்கற சரியான இடத்துல எடுத்தா இது குறையும், தப்பான இடத்துல எடுத்தா பெரும்பாலும் அமோனியாதான் வரும்.

சரியான இடம்னா, கேஸ் வேகமா உள்ள வர்ற பக்கம் இல்ல. அந்த வேகம் காத்தைத் தள்ளிக்கிட்டே போயி கடைசியில, வேகம் செத்துப் போற எடத்துல சேத்துடும். எவாப்பரேட்டிவ் கண்டென்சர்னா (காயில் மேல தண்ணி தெளிச்சு குளிர வைக்கறது) காயில் முடிஞ்சு லிக்விட் இறங்கற பைப் ஆரம்பிக்கற அந்த மேல் முனை. ரிசீவர்னா லிக்விட் வர்ற எடத்துக்குத் தள்ளி எதிர் முனையில மேல்பக்கம். கம்ப்ரசர் ஓடிக்கிட்டு இருக்கறப்ப எடுக்காதீங்க, நிறுத்தி, தண்ணி ஓட்டி, நல்லா குளிர விட்டு எடுங்க. குளிர்ந்த கண்டென்சர்ல அமோனியா பங்கு குறைவு, காத்தும் அமைதியா ஒதுங்கியிருக்கும்.

பக்கெட்டைப் படிக்கக் கத்துக்கணும், இதுதான் கையால எடுக்கறதுல மொத்த வித்தையும். நகரி பக்கம் ஒரு ஐஸ் பிளான்ட்ல புதுசா சேர்ந்த பையன் கேட்டான், "ணா, தண்ணியில பப்புள் வருதே, அப்ப எல்லாம் காத்துதானே?" அவனை உக்கார வச்சு காட்டினேன். டியூப் முனையைப் பாரு, அங்க கொப்புளம் பெருசா வருது, ஆனா மேல வர்றதுக்குள்ள சுருங்கி காணாமப் போகுது, பட பட பட்டுன்னு பொரியற சத்தம் கேக்குது, அது அமோனியா, தண்ணி அதை அப்படியே குடிச்சிடுது. காத்துன்னா கொப்புளம் சுருங்காது, உருண்டையா தண்ணி மேல வந்து உடையும், சத்தம் பளக் பளக்குன்னு மெதுவா இருக்கும். பக்கெட்டைத் தொட்டுப் பாரு, சூடேறுதுன்னா அமோனியா கரையுதுன்னு அர்த்தம். கொஞ்ச நேரம் கழிச்சு மேல வர்ற கொப்புளம் குறைஞ்சு பொரியற சத்தம் ஜாஸ்தியாச்சுன்னா காத்து தீர்ந்துச்சு, வால்வை மூடு. நிறைய பேர் அங்கதான் மூட மாட்டாங்க, இன்னும் கொஞ்சம் போகட்டும்னு விட்டுடுவாங்க, போறது பூரா காசு. தண்ணியும் ஒரு அளவுக்கு மேல குடிக்காது, சூடாயிடுச்சுன்னா இன்னும் குறைவாதான் குடிக்கும், வாசனை கிளம்பறதுக்கு முன்னாடியே மாத்துங்க.

மூடறப்ப ஒரு வரிசை இருக்கு, முதல்ல வால்வு, உடனே டியூபை தண்ணியை விட்டு மேல தூக்கிடணும். டியூப்ல மிச்சம் இருக்கற அமோனியா தண்ணியில கரைஞ்சு வாக்குவம் ஆகி பக்கெட் தண்ணியை மேல இழுக்கும், வால்வு வரைக்கும் தண்ணி ஏறிடும். லைன்ல ஒரு நான் ரிட்டர்ன் வால்வு போட்டுக்கறது இன்னும் நல்லது. தனியா நின்னு பண்ணாதீங்க, மாஸ்க் கழுத்துல தொங்கறதுக்கு இல்ல, போட்டுக்கறதுக்கு. 300 பிபிஎம் அமோனியாங்கறது உயிருக்கு ஆபத்துன்னு வச்சிருக்கற அளவு, திறந்த வால்வுக்கு முன்னாடி அது கண் மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும். 2020 ஆகஸ்ட்ல சித்தூர் மாவட்டம் பூதலப்பட்டு பக்கம் ஒரு பால் ஆலையில அமோனியா லீக் ஆகி பொம்பளைங்க பலர் ஆஸ்பத்திரிக்குப் போனது இந்தப் பக்கம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது பர்ஜிங்கால ஆனதுன்னு சொல்ல வரல, ஷிப்ட் மாறற நேரத்துல கேட்டுக்குள்ள எத்தனை பேர் நடமாடறாங்கன்னு பாத்துட்டு வால்வுல கை வைங்கன்னு சொல்றேன். அந்தப் பக்கெட் தண்ணியை ஓடையிலயோ ஏரிக் கால்வாயிலயோ கொட்டாதீங்க, மீன் மிதக்கும்.

இப்ப ரெண்டாவது வழி, மூலையில துருப்பிடிச்சு நிக்கற பழைய பர்ஜர். இதைப் பத்திதான் கொஞ்சம் விரிவா சொல்லணும்னு நினைக்கறேன், ஏன்னா நான் பாத்த வரைக்கும் செத்துப்போச்சுன்னு சொன்ன பர்ஜர்ல பாதிக்கு மேல சாகல, அடைச்சுக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்.

பர்ஜர் வேலை செய்யற முறை இதுதான். கண்டென்சர்ல இருந்து காத்து கலந்த கேஸை ஒரு சின்ன பாத்திரத்துக்குள்ள கொண்டு வந்து, உள்ள இருக்கற காயில்ல அமோனியாவை சக்ஷன் குளிருக்கு ஆவியாக்கி, அந்த கேஸை குளிர வைக்குது. குளிர்ந்தா அமோனியா லிக்விட் ஆகி கீழ இறங்கிடும், காத்து மேல தங்கிடும், அதை மட்டும் தண்ணி பாட்டில் வழியா வெளிய விடுது. பிரஷர் அதே ஹெட் பிரஷர், ஆனா மைனஸ் 20ல அமோனியாவோட பங்கு வெறும் 1.9 பார்தான். கையால எடுத்தா 8 கிலோ போற எடத்துல இங்க 100 கிராமுக்குள்ள போகும். இவ்வளவு வித்தியாசத்துக்கு ஒரே காரணம் அந்தக் குளிர், அதனால பர்ஜர் கோளாறுன்னா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, அது குளிருதா?

குளிரலன்னா, காயிலுக்கு லிக்விட் வரல, இல்ல சக்ஷன் போகற வால்வு மூடியிருக்கு. ஃபீட் லைன் ஸ்ட்ரெயினர் அடைச்சிருக்கும், எக்ஸ்பான்ஷன் வால்வுலயோ ஆரிஃபிஸ்லயோ துரு, வெல்டிங் செதில் மாட்டியிருக்கும், சொலினாய்டு (மின்சார வால்வு) காயில் எரிஞ்சிருக்கும். எதுவும் இல்லன்னா ஆயில். பாத்திரத்துக்கு அடியில ஆயில் தேங்கி காயிலைப் போத்தி மூடிக்கிட்டா எவ்வளவு லிக்விட் விட்டாலும் கேஸ் குளிராது. அடியில டிரெயின் இருக்கும், அதைத் திறந்தே பல வருஷம் ஆகியிருக்கும். குளிராத பர்ஜரை ஓட்டினா அது வெறும் ஓட்டைதான், பாட்டில்ல பொரியற சத்தமும் அமோனியா வாசனையும் வரும், பிளான்ட்ல கேஸ் குறையும், அப்ப ஆபரேட்டர் வால்வை மூடி வச்சுடுவாரு, அதோட பர்ஜர் கதை முடிஞ்சிடும்.

நல்லா குளிருது, பனி கட்டியிருக்கு, ஆனா பாட்டில்ல ஒரு கொப்புளம் கூட வரலன்னா கேஸ் பர்ஜருக்கே வந்து சேரல. கண்டென்சர்ல இருந்து வர்ற லைனைத் தொட்டுப் பாருங்க, கேஸ் ஓடினா வெதுவெதுன்னு இருக்கும், ஓடலன்னா ரூம் சூட்டுல இருக்கும். பெரும்பாலும் காரணம் லைன் போட்டவங்க பண்ணின தப்பு. நடுவுல பைப் தொங்கி ஒரு பள்ளம் இருந்தா, கேஸ் போற வழியில குளிர்ந்து லிக்விட் ஆகி அந்தப் பள்ளத்துல தேங்கி அடைச்சிடும், வால்வு எல்லாம் திறந்திருந்தும் ஒண்ணும் வராது. லைன் முழுக்க பர்ஜர் பக்கமா சரிவா இருக்கணும், பள்ளம் கூடாது. பனி தெரியற எடத்துல எல்லாம் பர்ஜர் ஓடுதுன்னு நினைச்சு நிம்மதியா போற ஆளுங்க இதைக் கண்டுபிடிக்கவே மாட்டாங்க.

இன்னொண்ணு நம்ம தண்ணியால வர்றது. அமோனியா தண்ணியில கரைஞ்சா காரத்தன்மை ஏறும், கடினத் தண்ணியில இருக்கற சுண்ணாம்பு உடனே பொடியா விழும். பாட்டில் வெள்ளையா பால் மாதிரி ஆகும், அந்தப் பொடி காத்து வெளிய வர்ற ஊசித்துளையில படிஞ்சு அடைக்கும். பலமனேர் ரோட்ல ஒரு பழக்கூழ் (பல்ப்) பிளான்ட் கோல்டு ஸ்டோரேஜ்ல பர்ஜரை மாத்தணும்னு கூப்பிட்டாங்க, போயி பாத்தா காத்து வெளியேறற முனையில அரிசி மணி அளவு வெள்ளைக் கட்டி, வினிகர்ல ஊற வச்சு ஊசியால குத்தினதும் பாட்டில்ல கொப்புளம் கிளம்பிடுச்சு. கை வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் அடைச்சு பிரஷரை இறக்கியாச்சு, அது சொல்லாமலே தெரிஞ்சிருக்கணும். மென்மையாக்கின தண்ணி, பாய்லருக்கு வச்சிருப்பாங்க இல்ல, அதுல இருந்து ஒரு சின்ன லைன் இழுத்துட்டா அந்தத் தொல்லை தீர்ந்துச்சு.

பிளோட் வச்ச பர்ஜர்ல பிளோட் மாட்டிக்கும், சீட்டு தேஞ்சிருக்கும். மாட்டினா ஒண்ணு பாத்திரம் பூரா லிக்விட் நிரம்பி காத்துக்கு எடமே இருக்காது, இல்ல தொடர்ந்து அமோனியா வெளிய போகும். இதுக்கு மட்டும் நான் ரிப்பேர்னு சொல்ல மாட்டேன், பழைய மாடலுக்கு ஸ்பேர் கிடைக்கலன்னா லேத்ல கடைஞ்சு போடற வேலை வேண்டாம், பிரஷர் பாத்திரம் அது.

மூணாவது, புது ஆட்டோமேட்டிக். எறா பிளான்ட்டுக்கு, மைனஸ் 35, 40ல ஓடற எவருக்கும், இது ஆடம்பரம் இல்ல, அத்தியாவசியம், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. தினமும் காத்து உள்ள வர்ற எடத்துல ஆள் வச்சு பக்கெட்டுல எடுத்துக்கிட்டு இருக்க முடியாது. ஆனா கேஸ் எடுக்கற எடம் ஒற்றைப் புள்ளியா, பல புள்ளியான்னு ஒரு தேர்வு இருக்கு. ஒரே கண்டென்சர், ஒரே ரிசீவர்னா ஒற்றைப் புள்ளி போதும். மூணு நாலு கண்டென்சர் வச்சிருந்தா பல புள்ளி வாங்குங்க, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சொலினாய்டு, கன்ட்ரோலர் ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் திறக்கும். சில பேர் காசு மிச்சம் பண்ண எல்லா கண்டென்சர் லைனையும் ஒண்ணா சேத்து ஒரே பைப்புல பர்ஜருக்குக் கொண்டு வருவாங்க. அது ஓடாது. ஒவ்வொரு கண்டென்சர்லயும் பிரஷர் இழப்பு வேற வேற, எதுல பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தியோ அதுல இருந்து மட்டும் கேஸ் வரும், மத்ததுல காத்து அப்படியே தூங்கும், நீங்க பர்ஜர் ஓடுதுன்னு நிம்மதியா இருப்பீங்க.

குளிருக்கு பிளான்ட் அமோனியாவையே எடுக்கற மாடல் ஒரு ரகம், தனக்குன்னு தனி சின்ன கம்ப்ரசரும் வேற ரெஃப்ரிஜரண்டும் வச்சிருக்கற மாடல் இன்னொரு ரகம், டான்ஃபாஸ் ஐபிஎஸ் 8 மாதிரி. தனி ரகத்துல பிளான்ட்டோட லிக்விட், சக்ஷன் லைனை வெட்டி வெல்டு பண்ற வேலை குறைவு, சக்ஷன் ஏறினாலும் இறங்கினாலும் குளிர் ஒரே மாதிரி இருக்கும். ஆனா பராமரிக்க இன்னொரு குட்டி மிஷின் சேருது, அது நின்னா பக்கத்து டவுன்ல ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்து கை வைக்க முடியாது. சென்னையில இருந்து சர்வீஸ் ஆள் எத்தனை நாள்ல வருவாருன்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க. மைனஸ் 40 பிளான்ட்ல குளிர் ஏற்கனவே கையில இருக்கு, அங்க பிளான்ட் அமோனியாவுலயே ஓடற ரகம்தான் எனக்கு பிடிக்கும்.

ஆட்டோமேட்டிக் போட்டதும் ஹெட் பிரஷர் இறங்கும், எல்லாரும் சந்தோஷம், அப்புறம் லீக்கை மறந்துடுவாங்க. இது எனக்கு உண்மையிலேயே கவலை குடுக்கற விஷயம். பர்ஜர் காத்தை எடுக்கும், அந்தக் காத்தோட உள்ள வந்த ஈரத்தை எடுக்காது. கடலோரக் காத்து, தடாவுல பழவேற்காடு (புலிகாட்) ஏரி பக்கத்துலயே இருக்கு, அதுல எவ்வளவு ஈரம் இருக்கும்னு சொல்லத் தேவையில்ல. அந்த ஈரம் அமோனியாவுல கரைஞ்சு லோ பிரஷர் பக்கமே தங்கிடும், ஆவியாகி வெளிய போகாது, சேர்ந்துகிட்டே போகும். தண்ணி கலந்த அமோனியா அதே பிரஷர்ல கொஞ்சம் மேல் சூட்டுல கொதிக்கும், அதாவது அதே குளிர் வேணும்னா சக்ஷனை இன்னும் கீழ இறக்கணும், இறக்கினா வாக்குவம் ஜாஸ்தி, காத்து இன்னும் வேகமா உள்ள வரும். இதுக்குத் தனியா தண்ணி பிரிக்கற பாத்திரம்தான் வழி.

அதனால கன்ட்ரோலர்ல பர்ஜ் ஆன நேரம் காட்டற மீட்டர் இருக்கற மாடலா பாத்து வாங்குங்க, தினமும் லாக் புக்ல எழுதுங்க. அந்த நேரம் திடீர்னு ஏறினா எங்கயோ புதுசா லீக். கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல், வாக்குவம் பக்கம் இருக்கற வால்வு ஸ்டெம் கிளாண்ட், ஃபிளான்ஜ் காஸ்கெட், கேஜ் லைன், இதுகளைத்தான் முதல்ல பாக்கணும். வாக்குவத்துல ஓடறப்ப தேட முடியாது, வாரக் கடைசியில நிறுத்தி சக்ஷன் பக்கம் தானா பாசிட்டிவ் ஆனதும் சோப்புத் தண்ணியும் கந்தகத் திரியும் வச்சுத் தேடுங்க, லீக் இருக்கற எடத்துல வெள்ளைப் புகை கட்டும்.

நடுவுல மாட்டிக்கிட்ட பிளான்ட்டுங்க உண்டு, அவங்களுக்குத்தான் முடிவு எடுக்கறது கஷ்டம். மாம்பழத் துண்டு உறைய வைக்கற கோல்டு ஸ்டோரேஜ், ரூம் மைனஸ் 20, எவாப்பரேட்டர் மைனஸ் 28 வாக்குல. கணக்குப்படி சக்ஷன் பாசிட்டிவ்தான், கொஞ்சூண்டு. ஆனா டீஃப்ராஸ்டுக்கு (பனி உருக்க) பம்ப் டவுன் பண்றப்பவும், அதாவது லிக்விடை நிறுத்திட்டு உள்ள இருக்கற கேஸை இழுத்துக் காலி பண்றப்பவும், சீசன் முடிஞ்சு ஆகஸ்ட்டுக்கு அப்புறம் லோடு குறைஞ்சு கம்ப்ரசர் பெருசாத் தெரியறப்பவும் முள்ளு ஜீரோவைத் தாண்டி கீழ போயிட்டு வரும், ராத்திரி ஷிப்ட்ல யாரும் பாக்க மாட்டாங்க. இந்த மாதிரி பிளான்ட்டுக்கு நான் உடனே புதுசு சொல்றதில்ல. முதல்ல லோ பிரஷர் கட் அவுட்டை (சக்ஷன் இறங்கினா கம்ப்ரசரை நிறுத்தற சுவிட்ச்) ஜீரோவுக்கு மேல நிறுத்தற மாதிரி செட் பண்ணுங்க, கெப்பாசிட்டி கன்ட்ரோல் (லோடுக்கு ஏத்த மாதிரி கம்ப்ரசரைக் குறைக்கறது) வேலை செய்யுதான்னு பாருங்க, பழைய பர்ஜரைக் கழுவி, ஆயில் இறக்கி, பைப் சரிவை சரி பண்ணி ஓட விடுங்க. கண்டென்சர் ரெண்டு இருந்தா ரெண்டுக்கும் தனித்தனி வால்வு போட்டு ஆபரேட்டர் மாத்தி மாத்தி திறக்கட்டும், ஒரு நேரத்துல ஒண்ணு. இதோட ஒரு சீசன், மே மாசத்துல இருந்து ஜூலை வரைக்கும், வாரம் ஒரு தடவை நிறுத்திப் பாக்கற அந்த டெஸ்ட்டை பண்ணி நம்பரை எழுதி வைங்க. 5 பிஎஸ்ஐக்குள்ள நின்னா அந்த பர்ஜரே போதும், புது பர்ஜர் காசை டீஸ்கேலிங்குக்கும் ஷாஃப்ட் சீலுக்கும் போடுங்க. திரும்பத் திரும்ப 10, 15ன்னு ஏறினா அந்த நோட்டுப் புத்தகத்தோட போயி முதலாளி முன்னாடி உக்காருங்க, ஆட்டோமேட்டிக் பர்ஜருக்கு கொட்டேஷன் வாங்கலாம்.